கல்வத்திக் கால்வாய்க்கு எந்தப் பக்கம் வீடு?

கொச்சியில வேலை கிடைச்சு வீடு தேடுற தமிழ்க் குடும்பங்க நிறைய. தரகரைப் பிடிச்சா அவர் கேக்குற முதல் கேள்வியே, "ஃபோர்ட் கொச்சியா, மட்டாஞ்சேரியா, இல்ல எர்ணாகுளம் பக்கமா?"ன்னுதான். எர்ணாகுளம் வேணுமா வேண்டாமான்னு ஆபீஸ் எங்க இருக்குங்கறதை வச்சு ஒரு நிமிஷத்துல முடிவு பண்ணிடலாம். குழப்பமே முதல் ரெண்டுலதான். ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவுல நடந்தே போற தூரம்தான். ஒரே கார்ப்பரேஷன், ஒரே தாலுகா, ஒரே காயல் காத்து. ஆனா வாடகை வேற, தெருவோட அகலம் வேற, வீட்டுக்கு முன்னாடி மரம் இருக்குமா இருக்காதாங்கறதுகூட வேற. பின்கோடும் வேறதான். ஃபோர்ட் கொச்சி 682001, மட்டாஞ்சேரி 682002.

இந்த வித்தியாசத்துக்கு ரியல் எஸ்டேட்காரங்க "டூரிசம்"னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிடுவாங்க. டூரிசம் வந்தது நேத்து. ரெண்டு ஊரையும் பிரிக்கிற கோடு ஐந்நூறு வருஷத்துக் கோடு.

1341ல பெரியாற்றுல வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தை மண்ணால மூடி, கொச்சி அழிமுகத்தைத் திறந்து விட்டதுன்னு பரவலா சொல்வாங்க. அதுக்கப்புறம் வியாபாரிகளும் கொச்சி அரச குடும்பமும் இந்தப் பக்கம் நகர்ந்தாங்க. 1500 டிசம்பர்ல போர்ச்சுகீசியக் கப்பல்களோட கப்ரால் வந்தார். கோழிக்கோட்டு சாமூதிரியோட பகை இருந்ததால கொச்சி ராஜா வந்தவங்களைச் சேர்த்துக்கிட்டார். 1503ல கடல் வாயில இம்மானுவேல் கோட்டை எழும்பிச்சு.

ஒரு ஊர் ரெண்டு ஆனது அங்கதான். கோட்டையைச் சுத்தி வளர்ந்த போர்ச்சுகீசிய நகரத்துக்கு சாந்தா குரூஸ்னு பேர். அதைக் 'கீழ்க் கொச்சி'ன்னும், ராஜாவோட ஊரை 'மேல் கொச்சி'ன்னும் அவங்க எழுதி வச்சிருக்காங்க. அந்த மேல் கொச்சிதான் இன்னைக்கு மட்டாஞ்சேரி. கீழ்க் கொச்சியில லிஸ்பன் சட்டம், மேல் கொச்சியில ராஜாவோட வார்த்தை.

இதை வெறும் நிர்வாக விஷயம்னு நினைச்சுடாதீங்க. அது உயிர் போற விஷயம். ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும் யூதர்களை விரட்டின காலம் அது. கட்டாயத்துக்கு மதம் மாறினவங்க சிலர் வியாபாரிகளா கொச்சி வந்து சேர்ந்தாங்க. கீழ்க் கொச்சியில அவங்க சிலுவை போட்டுக்கிட்டு வாழணும். வீட்டுக்குள்ள பழைய வழக்கத்தை ரகசியமா வச்சிருக்காங்கன்னு சந்தேகம் வந்தா கைதுதான். 1550களோட கடைசியில அப்படிக் கைதுகள் கொச்சியில நடந்திருக்கு. மேல் கொச்சிக்கு வந்துட்டா? அங்க 1568ல, வெளியிலிருந்து வந்த 'பரதேசி' யூதர்களோட ஜெபாலயமே எழும்பிடுச்சு. அதுவும் எங்க? ராஜாவோட அரண்மனைக்குப் பக்கத்துல, அரண்மனைப் பகவதி கோயிலை ஒட்டி. அந்த அரண்மனையை ராஜாவுக்குக் கட்டிக் குடுத்ததே போர்ச்சுகீசியர்தான்! நண்பன் கட்டிக் குடுத்த வீட்டுப் பக்கத்துலயே, அந்த நண்பன் விரட்டினவனுக்கும் ராஜா இடம் குடுத்தார்.

கோவாவிலிருந்து வந்த கொங்கணிகள் கதையும் இதேதான். அங்க போர்ச்சுகீசியர் கோயில்களை இடிச்சப்போ கிளம்பினவங்கள்ல ஒரு பகுதி மட்டாஞ்சேரியில செரளாயிங்கற இடத்துல குடியேறினாங்க. 1599ல அங்க திருமலைக் கோயில் வந்துடுச்சு. போர்ச்சுகீசியர்கிட்டருந்து ஓடி வந்தவங்க, போர்ச்சுகீசியக் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்துலயே கோயில் கட்டி நிம்மதியா இருந்திருக்காங்க. அந்த நிம்மதியைக் குடுத்தது தூரம் இல்ல, கோடு.

மட்டாஞ்சேரி ஏன் இவ்வளவு நெருக்கடின்னு கேக்குறவங்களுக்கு இதுல பாதி பதில் இருக்கு. இடம் கேட்டு வந்தவங்க எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாங்க. கொச்சங்காடியில யூதர்கள் அதுக்கும் முன்னாடியே இருந்திருக்காங்க. அங்க இருந்த 14ஆம் நூற்றாண்டு ஜெபாலயத்தோட கல்வெட்டு இப்போ பரதேசி ஜெபாலயச் சுவர்ல இருக்கு. அதே கொச்சங்காடியில செம்பிட்ட பள்ளிங்கற பழைய மசூதி. அப்புறம் கச்சி மேமன்கள், குஜராத்தி வணியர்கள், ஜைனர்கள், தக்னி பேசுற முஸ்லிம்கள். நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுங்களும் விட்டுப் போகல, ஆனா அவங்க இருக்கறது கோட்டுக்கு அந்தப் பக்கம். பட்டாளத்துக்குத் துணி துவைக்க டச்சுக்காரங்க காலத்துல கூட்டி வந்ததா சொல்ற வண்ணார் குடும்பங்க இன்னைக்கும் ஃபோர்ட் கொச்சியில 'வெளி'ங்கற இடத்துல தமிழ் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்க வேலை செய்யற தோபி கானாவை 1976ல கிரேட்டர் கொச்சி டெவலப்மென்ட் அத்தாரிட்டி கட்டிக் குடுத்துச்சு. கொச்சி போனா மீன்வலையை மட்டும் போட்டோ எடுத்துட்டுத் திரும்பாம அங்கயும் ஒரு நடை போய்ப் பாருங்க.

மீதிப் பாதி பதில் கோட்டைக்குள்ள இருக்கு. 1663 ஜனவரியில டச்சுக்காரங்க கொச்சியைப் பிடிச்சாங்க. புனித பிரான்சிஸ் ஆலயம் மாதிரி ஒண்ணு ரெண்டை வச்சுக்கிட்டு, கத்தோலிக்க ஆலயங்களை இடிச்சாங்க. அவ்வளவு பெரிய நகரத்தைக் காவல் காக்க ஆள் செலவு கட்டாதுன்னு கோட்டையையே சுருக்கினாங்க. 1795ல வந்த ஆங்கிலேயர் 1806ல மதிலையே வெடி வச்சுத் தகர்த்தாங்க. ஆக, ஒரு பக்கம் ஆளுற கை மாறுறப்போ எல்லாம் இடம் காலியாச்சு. அந்தக் காலி இடத்துலதான் பின்னாடி பங்களாவும் பரேட் மைதானமும் பெரிய மழை மரங்களும் வந்தது. மறு பக்கம் வந்தவங்க யாரும் அப்போ போகல. ஃபோர்ட் கொச்சித் தெருவோட அழகைப் பார்த்து வியக்கறப்போ, அது இடிச்சுக் கிடைச்ச அழகுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

ஆங்கிலேயர் காலத்துல அந்தக் கோடு சர்வதேச எல்லை மாதிரியே ஆகிப் போச்சு. கல்வத்திக் கால்வாய்க்கு மேற்கே 'பிரிட்டிஷ் கொச்சி'. சென்னை மாகாணம், மலபார் மாவட்டம், கலெக்டர் உக்கார்றது கோழிக்கோட்டுல. கிழக்கே கொச்சி சமஸ்தானம், ராஜா ஆட்சி. மட்டாஞ்சேரிக் கிட்டங்கியில இருந்து ஒரு மூட்டை மிளகு கோட்டைப் பக்கம் போகணும்னாலும் அது வேற அரசாங்கத்தோட எல்லை. 1865ல சென்னை அரசாங்கமும் கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களும் ஒப்பந்தம் போட்டு உள்சுங்கத்தை எல்லாம் நீக்கின பிறகுதான் அந்தத் தொல்லை குறைஞ்சுது.

உள்ளாட்சியும் தனித்தனி. சென்னைச் சட்டப்படி 1866 நவம்பர் 1ஆம் தேதி ஃபோர்ட் கொச்சிக்கு நகராட்சி வந்துடுச்சு. மட்டாஞ்சேரிக்கு ராஜா டவுன் கவுன்சில் அமைச்சது 1896ல. முப்பது வருஷ இடைவெளி. விளக்குக் கம்பம், சாக்கடை, ரோடு எல்லாம் ஒரு பக்கம் முப்பது வருஷம் முன்னாடியே கணக்குல ஏறிடுச்சு. இன்னைக்கு மட்டாஞ்சேரியில சாக்கடையைப் பத்தி யாராவது புலம்பினா, அந்தப் புலம்பலுக்கு அவ்வளவு வயசு.

கோடுன்னா ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவுலதான்னு இல்ல, தெருவுக்குள்ளயும் உண்டு. யூதத் தெருவுலயே பரதேசி யூதர்கள் வேற, மலபாரி யூதர்கள் வேற. பரதேசி ஜெபாலயத்துக்குள்ளயே, அடிமையா இருந்து விடுவிக்கப்பட்டவங்களோட வம்சம்னு சொல்லி சில குடும்பங்களைச் சமமா உக்கார விடல. வக்கீல் ஏ.பி. சேலம் இதை எதிர்த்து காந்தி வழியில அங்கயே சத்தியாகிரகம் பண்ணினார். 'யூத காந்தி'ன்னு அவரைச் சொல்வாங்க. அந்தத் தெருவுக்கு இப்போ அவர் பேர்தான். ராஜா அடைக்கலம் குடுத்த ஊர்னு பெருமையா சொல்றவங்க இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் தாண்டிடுவாங்க. எனக்கு அது சரியா படல.

துறைமுகக் கதை இல்லாம மட்டாஞ்சேரி புரியாது. 1920ல வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அழிமுகத்துல இருந்த மணல்திட்டை வெட்டினார். 1928 மே மாசம் எஸ்.எஸ். பத்மா கப்பல் உள்ளே வந்துச்சு. தோண்டின மண்ணைக் கொட்டினதுல வில்லிங்டன் தீவு உருவாச்சு. மட்டாஞ்சேரிக்காரங்க அங்க கூலி வேலைக்குப் போனாங்க. வேலை கிடைக்கறது 'சாப்பா'ங்கற உலோக டோக்கனை வச்சு. காலையில கூட்டத்துக்கு நடுவுல அதைத் தூக்கி எறிவாங்க, அடிச்சுப் பிடிச்சு எடுக்கறவனுக்கு அன்னைக்குச் சோறு. அந்த முறையை எதிர்த்த போராட்டத்துல 1953 செப்டம்பர் 15 அன்னைக்கு மட்டாஞ்சேரியில துப்பாக்கிச்சூடு நடந்தது. சையது, சைதலவின்னு ரெண்டு தொழிலாளிகள் அங்கயே விழுந்தாங்க. ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' படம் இந்தக் கதைதான். இன்னைக்கு நீங்க பார்க்குற ஒத்தை அறை வீடுகள்ல நிறைய, அந்த மாதிரிக் கூலிக்காரக் குடும்பங்க கிட்டங்கிக்குப் பின்னாடி ஒதுங்கின இடங்கள்தான்.

1967 நவம்பர் 1. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூணு நகராட்சியும் சேர்ந்து கொச்சி கார்ப்பரேஷன் ஆச்சு. காகிதத்துல கோடு அழிஞ்சுது. வியாபாரமும் மெல்ல இடம் மாறிச்சு. சரக்கு வில்லிங்டன் தீவுக்குப் போச்சு, 2011ல வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்குப் போச்சு. மிளகுக் கிட்டங்கிகள் பழம்பொருள் கடைகள் ஆச்சு. இஸ்ரேல் உருவான பிறகு யூதர்களும் கிளம்பிட்டாங்க, கடைசியா மிஞ்சினவங்கள்ல ஒருத்தரான சாரா கோஹன் 2019ல காலமானாங்க. 2012 டிசம்பர் 12ஆம் தேதி ஆஸ்பின்வால் ஹவுஸை மைய இடமா வச்சு முதல் பினாலே கலைக் கண்காட்சி தொடங்கிச்சு. காகிதத்துல அழிஞ்ச அந்தக் கோடு இப்போ வாடகையில திரும்பவும் விழுது. ஒரே ஒரு வித்தியாசம், இந்த முறை கோடு நகருது. கால்வாய்க்கு நல்லா கிழக்கே இருக்கற வீட்டையும் 'ஃபோர்ட் கொச்சி'ன்னுதான் விளம்பரம் பண்றாங்க. 'மட்டாஞ்சேரி'ன்னு போட்டா நூறு சதுர அடிக்கு எவ்வளவு குறையும்னு தரகருக்குத் தெரியும்.

சரி, நீங்க எங்க குடியேறணும்? என் அபிப்பிராயத்தைச் சொல்றேன். நடக்க அகலமான தெரு, கடற்கரை, காலையில அமைதி வேணும்னா ஃபோர்ட் கொச்சி. ஆனா பக்கத்து வீடெல்லாம் ஹோம்ஸ்டே, டிசம்பர்ல புத்தாண்டுக் கூட்டம் தெருவை அடைச்சுடும், மாச வாடகைக்கு விடறதைவிட ராத்திரி வாடகைக்கு விடறதுலதான் வீட்டுக்காரருக்கு லாபம். மட்டாஞ்சேரியில கடை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் காலடியில. ராத்திரி பசிச்சா சாப்பாடு கிடைக்கும். செரளாயிப் பக்கம் காய்கறிக் கடையும் கோயிலும் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு உடனே பிடிச்சுப் போகும். குறை, வெளிச்சமும் வண்டி நிறுத்த இடமும். இங்க நிறைய வீடுகள் மாச வாடகைக்கு இல்லாம 'பணயத்து'க்குத்தான் கிடைக்கும், நம்ம ஊர் ஒத்தி மாதிரி. மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு இருக்கறது, போறப்போ திரும்ப வாங்கிக்கறது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழிச்சுட்டா திரும்ப வாங்கறது பெரும்பாடு, பத்திரம் எழுதாம குடுக்காதீங்க.

எர்ணாகுளத்துக்கு ரோட்டுல போறதா இருந்தா ரெண்டு பக்கத்துக்காரங்களுக்கும் பெரும்பாலும் தோப்பும்படிப் பாலம்தான் வழி, நெரிசல்ல பேதம் கிடையாது. வாட்டர் மெட்ரோ 2024ல ஃபோர்ட் கொச்சிக்கு வந்துச்சு, மட்டாஞ்சேரிக்கு வர அதுக்கப்புறமும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. பழைய வரிசை மாறல பாருங்க. ஆனா துருத்தியில கட்டின ரெட்டைக் கோபுரக் குடியிருப்பு 2025ல திறந்ததும் 394 குடும்பங்களுக்குச் சொந்த வீடு கிடைச்சுது. கல்வத்தி, கோஞ்சேரி, துருத்திப் பக்கம் தலைமுறை தலைமுறையா நெருக்கி வாழ்ந்தவங்க. பினாலே போஸ்டரைவிட எனக்கு இது பெரிய செய்தி.

வீடு வாங்கறவங்களுக்குக் கடைசியா. விளம்பரத்துல என்ன பேர் இருந்தாலும் ஆதாரத்துல, அதாவது கிரயப் பத்திரத்துல, 'வில்லேஜ்'னு ஒரு வரி இருக்கும். ஃபோர்ட் கொச்சி வில்லேஜா, மட்டாஞ்சேரி வில்லேஜான்னு அதுல பாருங்க. பழைய கட்டடம்னா ஹெரிடேஜ் பகுதி விதிகள் பொருந்துமான்னு கார்ப்பரேஷன்ல கேட்டுக்குங்க, ஜன்னலை மாத்தறதுக்குக்கூட அனுமதி தேவைப்படலாம். தண்ணிக் கரையை ஒட்டினா கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் உண்டு. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி, மழைக்காலத்துல, ஓதம் ஏறுற நேரமா பார்த்து ஒருமுறை போங்க. கல்வத்திக் கால்வாய்த் தண்ணி எந்த வீட்டுப் படி வரைக்கும் வருதுன்னு அங்க குடியிருக்கற யாரையாவது கேட்டா, படியைக் காட்டியே சொல்லிடுவாங்க.