எழுத்து வராத பிள்ளையும் தலையெழுத்தும்

(திருத்தணியில் பெற்றோர்கள் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



படிப்பு வராத பிள்ளைகளைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களில் பல தினுசு உண்டு என்றாலும் நான் ஒரு தினுசைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பையன் நன்றாகப் பேசுகிறான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறான். கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லுகிறான். ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் மேல் வரியில் படித்த சொல்லைக் கீழ் வரியில் கண்டு விழிக்கிறான். எழுத்தைத் திருப்பிப் போடுகிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்து விடுகிறது. இவனை உபாத்தியாயர் மக்கு என்கிறார். தகப்பன் சோம்பேறி என்கிறான். பாட்டி தலையெழுத்து என்கிறாள்.

தலையெழுத்தையே முதலில் எடுத்துக்கொள்ளுவோம். அதை எழுதினவர் யாரென்றால் பிரம்மா என்கிறீர்கள். அந்தப் பிரம்மாவுக்குப் பிரணவத்தின் அர்த்தம் சொல்லத் தெரியவில்லை என்றும், அதற்காக முருகன் அவர் தலையில் குட்டி ஜெயிலில் போட்டார் என்றும் கந்தபுராணமே சொல்லுகிறது. பரீட்சையில் தோற்று ஜெயிலுக்குப் போனவருடைய கையெழுத்தை நம்பி உங்கள் பிள்ளை தோற்பான் என்று முடிவு கட்டலாமா என்று கேட்கிறேன். (சிரிப்பு) சிரிப்பதோடு விட்டுவிடாதீர்கள். விடை தெரியாதவனுக்குத் தலையில் குட்டு என்பது புராணத்தோடு போகவில்லை. பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்த பிறகும் அந்தக் குட்டு விழுந்து கொண்டுதான் இருக்கிறது.

படிப்பு வரவேண்டுமென்று இந்த மலையின் 365 படியும் ஏறிப் பிள்ளைக்கு மொட்டை போடுகிறவர்கள் உண்டு. மயிர் சில மாதத்தில் முளைத்து விடுகிறது. எழுத்து வரவில்லையென்றால் அடுத்த கிருத்திகைக்கு இன்னொரு வேண்டுதல். அதற்குள் பையன் இரண்டு வகுப்பைத் தாண்டி, தான் உதவாக்கரை என்பதைத் தானே நம்பத் தொடங்கி விடுகிறான். காணிக்கைப் பணத்தைவிட இந்த நஷ்டந்தான் பெரிது.

சங்கதி என்னவென்றால், காதில் விழும் ஓசையையும் கண்ணில் படும் எழுத்தையும் இணைக்கிற வேலையை மூளை செய்கிறது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்த இணைப்பு வேறு விதமாய் அமைந்து விடுகிறது. குடும்பத்தில் முன்னோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும். இதை டிஸ்லெக்சியா என்கிறார்கள். எழுதுவதில் மட்டும், கணக்கில் மட்டும் தடை உள்ள பிள்ளைகளும் உண்டு. இதற்கும் புத்திக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். 749-ஐ 867-ஆல் சட்டென்று பெருக்கிச் சொன்ன அந்தப் பையனுக்குத் தன் பெயரையே சரியாக எழுத வரவில்லை. பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய உபாத்தியாயர் சொன்னாராம்.

பெர்ஸி வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் படித்தவன் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் நம்மவர்களிலேயே "நம்ம ஜாதிக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1953-இல் பையன் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று சர்க்கார் திட்டம் போட்டபோது எதிர்த்துக் கிளர்ச்சி செய்து, 1954-இல் அதைக் கைவிடச் செய்தோம். அன்று சர்க்காரைச் செய்யவிடாததை இன்று நாமே வீட்டுக்குள் செய்கிறோம். எழுத்து வராத பையனைத் தறியில் உட்கார வைக்கிறோம். பெண்ணாயிருந்தால் அந்த யோசனைகூட இல்லை, கலியாணந்தான்.

நிற்க, குற்றம் முழுவதும் பிள்ளையிடந்தானா? எழுத்தையும் கொஞ்சம் பாருங்கள். ணா, றா, னா, லை முதலிய 13 எழுத்துகள் முன்பு மற்றவற்றோடு ஒட்டாமல் தனி உருவத்தில் இருந்தன. பெரியார் 1935 முதல் "குடி அரசில்" அவற்றை மாற்றி அச்சிட்டார். சர்க்கார் ஒப்புக்கொள்ள 1978 ஆயிற்று. "கெ" என்பதில் ககர ஓசை முதலில் வருகிறது, கொம்போ அதற்கு முன்னால் நிற்கிறது. மற்றப் பிள்ளைகள் பழக்கத்தால் தாண்டிவிடுகிற இந்த இடத்தில் இவன் தடுக்கி விழுகிறான். எழுத்தையே மாற்றலாமென்று துணிந்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றக்கூடாதா?

இவ்வூருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லை மாறிற்றே தவிரப் பல வீடுகளில் பேசுகிற தெலுங்கு மாறவில்லை. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அதற்கு மேல் இங்கிலீஷ். இப்படிப்பட்ட பிள்ளை தமிழில் தயங்கினால் உடனே குறைபாடு என்று முத்திரை குத்திவிடக் கூடாது. பாஷை பழகாத பிள்ளை பழகப் பழகத் தேறும். பழகியும் எழுத்தில் மட்டும் அதே இடத்தில் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

மருந்தில்லை, ஆனால் வழியுண்டு. சொல்லை ஓசை ஓசையாகப் பிரித்து, ஓசையை வாயால் சொல்லிக்கொண்டே எழுத்தை விரலால் பெரிதாக வரையச் செய்வதுதான் அது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத வைத்தார்களே, அது நல்ல முறை. விஜயதசமியன்று அரிசியில் ஒரு முறை எழுத வைத்துவிட்டு வருஷம் முழுவதும் சரஸ்வதி பார்த்துக்கொள்வாள் என்று விடுவது வீண். தினம் கால்மணி நேரம் தட்டில் மணலைப் பரப்பி நீங்களே கூட உட்காருங்கள். பாடத்தைப் படித்துக் காட்டி வாயால் விடை சொல்லச் சொல்லுங்கள். பிறர் முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லி மானத்தை வாங்காதீர்கள். சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் என்ற சங்கம் இந்த வேலையைச் செய்து, உபாத்தியாயர்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறது.

சட்டமும் உங்கள் பக்கம் வந்துவிட்டது. 1995-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் 7 குறைபாடுகளே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் 21-ஆக்கி இதையும் சேர்த்தது. இப்பிள்ளைகளைக் காலத்தில் கண்டுபிடித்து அதற்கேற்றபடி கற்பிப்பது பள்ளியின் கடமை என்றும் சொல்லுகிறது. முறைப்படி சோதித்துச் சர்ட்டிபிகேட் வாங்கினால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பு வரும் வரையில் காத்திராமல், நாளைக்கே தலைமை ஆசிரியருக்கு ஒரு மனு எழுதுங்கள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைக் கொண்டு பிள்ளையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனுவுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, அதில் தேதியும் கையெழுத்தும் வாங்கி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேஜைக்கு வந்தால் இங்குள்ள வாலிபத் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.