மூப்பை மறைக்கும் பொருள்



மனிதனுக்கு மூப்பு வந்ததை நரை அறிவிக்கிறது; இரும்புக்குத் துரு அறிவிக்கிறது. ஆனால் முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல் வலிமை இழக்கும் பொருள் ஒன்று உண்டு. விமான இறக்கைகளிலும் விளையாட்டுக் கருவிகளிலும் பயன்படும் கார்பன் இழைக் கலப்புப் பொருளே அது.

மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பத்திலும் அடையாற்று ஊரூர்க் குப்பத்திலும் மணல்மீது கிடக்கும் பைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் உள்ளது கண்ணாடி இழை. கார்பன் இழை அதற்கு உடன்பிறப்பு. இரண்டிலும் வலிமை தருவது இழை. இழைகளைப் பிணைத்து நிறுத்துவது பிசின். தலைமயிரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பருமனுள்ள கார்பன் இழை, எடைக்கு எடை பார்த்தால், இழுவிசையில் எஃகையும் வெல்லும். அமுக்கும்போதோ அது பிசினின் துணையால்தான் மடியாமல் நிற்கிறது. அந்தப் பிசின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும், வெப்பத்தில் தளரும். பாரம் ஏறி இறங்குந்தோறும் அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றக்கூடும். அவை பெருகினால் உள்ளே அடுக்குகள் பிரியும். வெளியே மெருகு குலையாது.

2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண இறங்கிய ‘டைட்டன்’ என்னும் கலம் அட்லாண்டிக் கடலின் ஆழத்தில் நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். கலத்தின் நடுவுடல் கார்பன் இழையாலான உருளை. 2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து மேலேறியபோதே அதிலிருந்து பேரோசை ஒன்று எழுந்தது. உடலில் ஒட்டியிருந்த அளவுமானிகளும் பின்னர் மாறுபட்ட கணக்குக் காட்டின. எனினும் கலம் மீண்டும் கடலுக்குச் சென்றது. அன்று அடுக்குகள் பிரிந்திருந்தன என்பதை விசாரணையாளர் பிற்பாடு கண்டனர்.

இச்செய்தி சென்னைக்கு அயலானதன்று. மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்வதற்கென ‘மத்ஸ்யா 6000’ கலத்தை வடிவமைத்தது, நகரின் தென்பால் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். அவ்வாழத்தில் நீரின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ அறுநூறு மடங்கு. மூவரும் அமரும் கோளத்துக்கு அவர்கள் தேர்ந்தது 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியக் கலப்பு உலோகம். அதற்கும் களைப்பு உண்டு. ஆயினும் அக்களைப்பைக் கணக்கிடும் வழி பொறியாளருக்கு நெடுநாளாய்ப் பழகியது.

கார்பன் இழையைப் பழிப்பது என் நோக்கமன்று. அதற்கு ஏற்ற பணிகள் பல உண்டு. ஆனால் ஏற்றிய பாரத்தையும் கேட்ட ஓசையையும் குறித்துவைக்க வேண்டும். மீயொலியால் உள்ளடுக்குகளைச் சோதிக்க வேண்டும். ஐயம் தோன்றினால் பணியை நிறுத்த வேண்டும். நேற்றுத் தாங்கியது என்பதை இன்றைய உயிர்களுக்குப் பிணையாக வைக்கலாகாது.