நடவு வயலில் ஒரு நிமிர்வு

உத்திரமேரூர் பக்கம் நடவு நாளில் வரப்போரம் நின்று பாருங்கள். முழங்காலை அதிகம் மடக்காமல், இடுப்பில் வளைந்து, பின்னாலேயே நகர்ந்தபடி பெண்கள் நாற்றை ஊன்றுகிறார்கள். மணிக்கணக்கில் இதே குனிவுதான். தொடையின் பின்தசையும் இடுப்பு மூட்டும் இறுகிப்போனால், அவை வளைய வேண்டிய பங்கையும் கீழ்முதுகே சுமக்கிறது. அதற்காக உடம்பு ரப்பராய் வளைந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மூட்டு அளவுக்கு மீறி நெகிழ்ந்தவர்களுக்கும் வலி வரும். மூட்டைப் பிடித்து நிறுத்துவது தசைபலம். தேய்ந்த முழங்காலுக்கும் படுத்தே கிடப்பது ஆகாது, அளவான நடையும் பயிற்சியும் வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. கேட்டு வாங்குங்கள் தாய்மார்களே. நடவின் நடுவே அடிக்கடி நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னால் சாயுங்கள். முதுகுவலியோடு கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.