கயிறு இழுத்தோர் நடந்த கரை
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



'கவிஞனும் நீர்நிலையும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். காவிரியையும் வையையையும் பாடாதவர் இந்த அவையில் இல்லை. ஆகவே அவற்றை விடுத்து, சென்னையிலிருந்து மின்சார ரயிலில் சென்று சேரக்கூடிய ஒரு நீர்நிலையைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். அது ஆறன்று, மனிதர் வெட்டிய பக்கிங்காம் கால்வாய். பெயரைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நகருக்குள் அதன் கதி அதுதான்.

1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கப்பட்டது அது. பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீர்வழியாயிற்று. ஆனால் நகரின் நடுவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி எப்படி வந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். தாது வருடப் பஞ்சத்தில் சோற்றுக்கு வழியின்றி வந்த மக்களைக் கொண்டு வெட்டியது அது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நிலைக்கவில்லை. அந்நாளைய ஆளுநரின் பெயர் நிலைத்தது. விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் அவ்வழியே நகருக்கு வந்தன. காற்று இருந்தால் பாய். இல்லையேல் கழி, அல்லது கரையில் நடந்து கயிறு பிடித்து இழுக்கும் ஆட்கள்.

1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு இக்கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் சென்றார். 'மாவலிபுரச் செலவு' பிறந்தது அப்பயணத்தில். நிலவைப் பாட வேண்டிய இரவு அது, பாடவும் செய்தார். எனினும் அவர் பார்வை தோணியைத் தள்ளியும் இழுத்தும் வருந்திய உழைப்பாளர் மேல் சென்று நின்றது. அக்கவிதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வீட்டு நாற்காலியில் அமர்ந்து நீரைப் பாடியிருந்தால் நிலவு மட்டுமே மிஞ்சியிருக்கும்!

இன்று தோணி இல்லை. இருப்புப்பாதையும் சாலையும் அதன் தொழிலைப் பறித்தன. 1960களின் புயல்கள் மிச்சத்தைக் கெடுத்தன. பிறகு பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயினுள்ளேயே இறங்கின. 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் திருமயிலை வரை, 2007இல் வேளச்சேரி வரை அந்த ரயில் வந்தது. அதன் சன்னலோரம் அமர்ந்து கீழே பார்ப்பவர் எத்தனை பேர்?

நான் அழைப்பது வடக்கே. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுங்கள். எண்ணூரைக் கடந்ததும் கொசஸ்தலையாற்றின் மேல் பாலம் வரும். அங்கே வானம் திடீரென அகலும். அத்திப்பட்டு புதுநகரில் இறங்கிக் கடல் இருக்கும் திசையில் நடந்தால் உப்பங்கழியும் கால்வாயும். சங்கப் புலவர் நெய்தல் என்றது இதைத்தான்: உமரி சிவந்து படர்ந்த சேற்றுநிலம், கண்டல் மரங்கள், ஒற்றைக்காலில் நிற்கும் நாரை. உமணர் வண்டியில் கொண்டு சென்ற உப்பை இக்கால்வாய் தோணியில் கொண்டு சென்றது, அவ்வளவே வேறுபாடு. நண்டுக்கும் இறாலுக்கும் கழியில் இறங்கி நிற்போரைக் காணலாம். ஒவ்வொரு மீனுக்கும், நீரின் ஒவ்வோர் ஏற்றவற்றத்திற்கும் அவர்களிடம் சொல் உண்டு. நம் அகராதிகளில் அவற்றுள் எத்தனை ஏறின?

அழகை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இறங்கி, படகும் வலையும் கண்டல் வேரும் கறுத்தன. மீன்பிடிப்போர் பல நாள் தொழிலின்றி இருந்தனர். அச்செய்தி நாளிதழில் வந்தது. நம் கவியரங்குகளில் வந்ததா?

ஆதலின் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்திற்கு மண்டபம் எடுக்க வேண்டாம். ஞாயிறு காலை முதல் வண்டியிலேயே புறப்படுவோம். வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். குடிநீரும் தொப்பியும் போதும். கவிதை எழுதிக்கொண்டு வர வேண்டாம். குறிப்பேடு கொண்டு வாருங்கள். கழியில் நிற்பவர் பேச இசைந்தால் முதலில் அவர் சொற்களை எழுதிக்கொள்வோம். செயலாளர் தேதியைக் குறித்து அறிவிப்பாராக.