துடைப்பதற்கு முன்

தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் அன்பு மாணவ மாணவியரே,

இந்தக் கல்யாண் பழைய துறைமுகம். முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் நூல் இதைக் கல்லியெனா என்கிறது. கன்ஹேரி குகைக் கல்வெட்டுகளில் கல்யாண் வணிகர்களின் கொடை பதிவாகியிருக்கிறது. பொருள் வந்து இறங்கிய ஊரில், பழம்பொருள்கள் எப்படிப் பேசுகின்றன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும், விளக்கு தகதகவென்று மின்னும். வீட்டு விளக்குக்கு அது அழகு. மண்ணிலிருந்து எடுத்த சிலையை அப்படித் தேய்த்தால் ஒரு சாட்சியின் வாயை அடைத்துவிடுவோம்.

தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள் கிடைத்த நடராசர் சிலை, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. 1982இல் அங்கே காவல்துறை அதைக் கைப்பற்றியது. வாங்கியவரோ, இது பத்தூர்ச் சிலையே அல்ல என்றார். வழக்கு நடந்தது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் அதன் உலோகத்தையும், பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். தொல்லியலாளர் நாகசாமி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1991இல் நடராசர் தமிழகம் திரும்பினார். யாராவது ஒருவர் அந்த அழுக்கை முன்பே துடைத்துத் தள்ளியிருந்தால், வழக்கின் கை எவ்வளவு தளர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்காக எதையுமே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செம்புச் சிலையில் அழுத்தமாகப் படிந்த பச்சை அதற்கு ஒரு போர்வை. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வது நோய். உப்பிலிருந்து வரும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். கடற்காற்றும் மழைக்கால ஈரமும் நிறைந்த நம் மும்பையில் இது அன்றாடக் கவலை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே வேதியியலாளர் பரமசிவன் இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தார். இரண்டும் பச்சைதான். போர்வை எது, நோய் எது என்று பிரித்துச் சொல்லத்தான் உங்கள் படிப்பு.

ஒரு மும்பைக் கதையும் சொல்கிறேன். சாரதா சீனிவாசன் நம் பவாய் ஐஐடியில் பொறியியல் இயற்பியல் படித்தவர், பரதமும் ஆடுபவர். நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை அவர் ஆராய்ந்தார். ஐம்பொன் என்று நாம் சொன்னாலும், இத்தகைய சிலைகளில் பெரும்பகுதி செம்பு, அதோடு வெள்ளீயமும் காரீயமும். பொன்னும் வெள்ளியும் இருந்தாலும் மிகச் சொற்பம். அவர் கேள்வி கேட்டது எவரும் மதிக்காத அந்தக் காரீயத்திடம். பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈயமாவதால், ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். அந்த விகிதம் சிலைக்கு ஒரு கைரேகை. சிலையிலிருந்து ஒரு சிட்டிகை உலோகத்தூள் கிடைத்தால் போதும். இந்தச் சான்றோடு சிற்ப அமைதியையும் சேர்த்துப் பார்த்து, சோழர் காலத்தது என்றே கருதப்பட்ட நடராசர் செப்பு வடிவம் பல்லவர் காலத்திலேயே தோன்றிவிட்டது என்று 2004இல் அவர் எழுதினார்.

எல்லோராக் குகைகளில் நடந்ததும் இதுபோலத்தான். சுவர்ப் பூச்சில் கலந்திருந்த நாரை நுண்ணோக்கியில் பார்த்த ராஜ்தேவ் சிங்கும் மிலிந்த் சர்தேசாயும், அது கஞ்சாச் செடியின் நார் என்று 2016இல் வெளியிட்டார்கள். அந்தப் பூச்சு இத்தனை நூற்றாண்டுகள் பூச்சி அரிக்காமல் நின்றதற்கு அதுவே காரணம் என்பது அவர்கள் முடிவு. பெயர் தெரியாத ஒரு கொத்தனாரின் அறிவு, உதிர்ந்த காரைத் துண்டில் காத்துக் கிடந்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே, சிலையில் ஒரு கீறலும் விழாமல் அதன் உலோகத்தைச் சொல்லும் எக்ஸ்ரே கருவிகள் இன்று கையடக்கமாக வந்துவிட்டன. கருவி எண்ணைத்தான் தரும். எதைக் கேட்பது, எப்போது கையை எடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. கோட்டைப் பகுதியில் உள்ள சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள். உங்களில் இருவராவது அந்த வேலைக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதற்கும் முன்னால் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். பாட்டி திருநெல்வேலியிலிருந்து சுமந்து வந்த, பெயர் வெட்டிய பித்தளைக் குடம் அங்கே இருக்கலாம். அதை எடைக்குப் போடும் முன் யாருடைய பெயர், எந்த ஊர், யார் கல்யாணத்துச் சீர் என்று கேட்டு எழுதி வையுங்கள். பொருளுக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் வந்த ஊர் ஒரு சான்றுதான். நேர்காணலில் முகவரி கேட்டால் தாராவி என்று சொல்லத் தயங்குகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தயங்காதீர்கள். பத்தூர் நடராசரை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில் அவர் மேல் ஒட்டியிருந்த மண்ணுக்கும் பங்கு உண்டு.

உங்கள் கை பட்ட எந்தச் சான்றும் அழியாமல் இருக்கட்டும். பட்டம் பெறும் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.