இல்லறமும் எழுத்தும்

(கப்பலூரில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடும்ப பாரத்தைச் சுமக்கும் ஒருவர் வாழ்நாள் முழுதும் எழுத்தின்மீது காதல் கொண்டிருத்தல் கூடுமா, கூடுமாயின் அஃது எவ்வாறு நிறைவேறும் என்பதைக் குறித்துச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். விருந்துக்கு இலை போடும் நேரம் நெருங்கிவிட்டதென்பதை யாம் அறிவோம். அடுக்களையில் நிற்கும் தாய்மார் காதிலும் விழவேண்டிய விஷயமாதலின் சற்று உரக்கவே பேசுகின்றோம்.

"மனமிருந்தால் நேரம் தானே வரும்" என்று சொல்லி அமர்ந்துவிடுதல் எளிது. ஆனால் இந்தக் கப்பலூரில் நின்றுகொண்டு அவ்வாறு சொல்ல எமக்கு நா எழவில்லை. 1936ஆம் ஆண்டில் இங்குத் தியாகராசர் ஆலை எழுந்த நாள்தொட்டு, ஆலைச் சங்குக்கு எழுந்து சங்குக்கு உண்ட தலைமுறைகள் நம்மில் உள்ளன. பின்னர் வந்த தொழிற்பேட்டையில் முறைவைத்து இரவும் பகலும் உழைப்போர் உள்ளனர். திருமங்கலத்தைச் சுற்றிய தோட்டங்களில் மல்லிகை மலருமுன் அரும்பாகவே பறித்துச் சந்தைக்கு அனுப்பவேண்டி, விடியுமுன் எழும் பெண்டிரும் உள்ளனர். நேரமில்லை என்று சொல்லும் உரிமை உங்களைவிட யாருக்கு உண்டு? ஆகவே நேரம் உண்டென்று வாதாட யாம் வரவில்லை. நேரமின்றியே எழுதினவர் சிலருடைய சரித்திரத்தைச் சொல்லி, அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைக் காட்டவே வந்தோம்.

முதற்கண் வை. மு. கோதைநாயகி அம்மையார். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் அவருக்கு விவாகம் நடந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். சென்னைத் திருவல்லிக்கேணியில் புக்ககம். கணவர் வை. மு. பார்த்தசாரதி என்பவர் நாடகங்களில் ஈடுபாடுள்ளவர். மனைவியையும் அழைத்துச் சென்று காட்டுவார். அவற்றைக் கண்டும் பிறர் சொல்லக் கேட்டும் அம்மையாரின் உள்ளத்தில் கதைகள் பெருகின. அண்டை அயலிலுள்ள குழந்தைகளைக் கூட்டிவைத்துச் சொல்லுவாராம். ஒரு நாடகம் முழு உருவோடு மனத்தில் நின்றது. அதை எழுதிக்கொள்ளவோ அவருக்கு எழுதத் தெரியாது!

இங்கேதான் நீங்கள் ஊன்றிக் கேட்கவேண்டும். பட்டம்மாள் என்ற தோழி ஒருத்தி ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்தாள். அம்மையார் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவ்வாறு உருவானதே "இந்திர மோகனா" என்னும் நாடகம். 1924இல் அச்சேறியது. பிற்பாடு அந்தத் தோழியிடமே அம்மையார் எழுத்துக் கற்றுக்கொண்டார். 1925இல், நின்றுபோயிருந்த "ஜகன்மோகினி" என்னும் மாதப் பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அது நடந்தது. அவர் இயற்றிய நாவல்கள் 115 என்று கணக்கிடுகின்றனர். தேசத்தொண்டில் ஈடுபட்டுச் சிறைப்பட்ட காலத்தும் எழுத்தை விட்டாரில்லை. பாடவும் வல்லவர்; மேடையேறிப் பேசவும் வல்லவர். 1956இல் தம் ஒரே மைந்தனைப் பறிகொடுத்த துயரத்துக்குப் பின் அவர் நெடுங்காலம் வாழவில்லை, 1960இல் மறைந்தார்.

115 என்ற தொகையைக் கேட்டு வியப்பவர் பலர். எமக்கு அத்தொகை அத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை. நாவல்களில் மேலானவையும் இருக்கும், சாமானியமானவையும் இருக்கும். மாதந்தோறும் பத்திரிகை நடத்துவோர்க்கு அது இயல்பு. எமக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த முதல் நாடகம் எழுதப்பட்ட காலந்தான். அத்தோழி, "உனக்கு எழுதவே தெரியாது, நாடகம் எதற்கு?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணவர், "வீட்டுக்காரியம் கிடக்க இது என்ன விபரீதம்?" என்று சினந்திருந்தால்? இருவரும் அவ்வாறு சொல்லவில்லை. அவர் சிறையிலிருந்தபோது பத்திரிகைக் காரியத்தைக் கணவரே பார்த்துக்கொண்டார் என்பர். ஓர் எழுத்தாளரை உருவாக்க வீட்டார் செய்யவேண்டியது மிகச் சிறிது. ஆனால் அச்சிறிது இல்லையேல் ஒன்றுமில்லை.

அச்சிறிது கூடக் கிடைக்காத ஒருவரும் உண்டு. வங்கநாட்டில் 19ஆம் நூற்றாண்டில் ராசசுந்தரி தேவி என்றொரு மாது வாழ்ந்தார். 12 வயதில் மணம். 12 மக்களைப் பெற்றார். பெரிய குடும்பம், சமையல் முழுதும் அவர் தலைமேல். பெண் படித்தால் விதவையாவாள் என்று ஊரார் நம்பிய காலம் அது. அவருக்கோ எப்படியாவது வாசிக்கவேண்டும் என்ற தாகம். "சைதன்ய பாகவதம்" என்னும் நூலின் ஏடொன்றைத் தனியே எடுத்து அடுக்களையில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்துவைத்துக்கொண்டார். அடுப்பு எரியும்போது முன்றானைக்குள் மறைத்தபடி இதிலுள்ள எழுத்தை அதிலுள்ள எழுத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக அடையாளங் கண்டார். ஆசிரியர் இல்லை, கேட்க நாதியில்லை. இவ்வாறு வாசிக்கக் கற்றார்.

எழுதக் கற்றது அதற்கு வெகுநாட்களுக்குப் பின். வெளியூரில் கல்வி பயின்ற மகன், கடிதம் போட்டால் தாயிடமிருந்து மறுமொழி வருவதில்லையே என்று வருந்தினான். அதற்காகவே எழுதுகோலைப் பிடித்தார். குடும்பம் எழுத்துக்குத் தடை என்கிறோமே, இவருக்கு எழுத்தைத் தந்ததே ஒரு தாயின் கடமையல்லவா! முதுமையில் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி அச்சிட்டார். "அமார் ஜீபன்", அதாவது "எனது வாழ்க்கை" என்பது அந்நூல். வங்க மொழியில் எழுந்த முதல் தன்வரலாறு என அறிஞர் அதனைப் போற்றுகின்றனர்.

ஆடவர் கதை வேறு. ஆடவருக்கு அடுப்பில்லை, ஆனால் வருமானம் என்ற பூதம் உண்டு. கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் அவர்களை நினைத்துப் பாருங்கள். பட்டுச் சரிகை வியாபாரம் செய்த குடும்பத்தினர். இளமையிலேயே "மணிக்கொடி"யில் கதை எழுதினார். பின்னர் "தேனீ" என்ற பத்திரிகையும் நடத்தினார். வியாபாரம் தளர்ந்து வறுமை வந்தபோது, மக்களைக் காக்கவேண்டிச் சிறு நூல்கள் பலவற்றை விரைந்து எழுதிக்கொடுத்துப் பிழைத்தார். அவ்வெழுத்தைத் தாழ்வாகப் பேசுவோர் உளர்; பசித்த பிள்ளைகளுக்குச் சோறிட்ட எழுத்தை யாம் தாழ்வென்று சொல்லமாட்டோம். அந்த நெருக்கடிக்கிடையே தமக்கென்று வைத்திருந்த எழுத்தையும் அவர் கைவிடவில்லை. "காதுகள்" என்னும் நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமிப் பரிசு வந்தது; அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

ஒரு வார்த்தை இடையே சொல்லிவிடுகிறோம். நம் ஆடவர் எழுதுகின்ற வீடுகளில் எல்லாம் "அவர் எழுதிக்கொண்டிருக்கிறார், சத்தம் போடாதே" என்று குழந்தைகளை அடக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றிருப்பாள். அவள் பெயர் எந்த முகவுரையிலும் வருவதில்லை. பெண் எழுதுகின்ற வீட்டில் அவ்வாறு காவல் நிற்க எத்தனை ஆடவர் முன்வருவர்? கைதூக்கும்படி கேட்கமாட்டோம், விருந்து உண்ணும் நாளில் சங்கடம் எதற்கு!

கணவர் உத்தியோகத்துக்காக ஊர்விட்டு ஊர் போகவேண்டியிருக்கிறதே, எங்கே அமர்ந்து எழுதுவது என்று கேட்கும் சகோதரிகளுக்கு ராஜம் கிருஷ்ணன் அம்மையாரின் பெயரைச் சொல்லுவோம். 1925இல் முசிறியில் பிறந்தவர். 15 வயதில் மணம். கணவர் மின்துறைப் பொறியாளர். அவர் பணியின் பொருட்டு நீலகிரியில் வாழ நேர்ந்தது. அம்மையார் அங்கே வெறுமனே நாளைக் கழிக்கவில்லை. மலைவாழ் படகர் வாழ்வைக் கூர்ந்து நோக்கினார், "குறிஞ்சித்தேன்" பிறந்தது. பின்னாளில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே சென்று விவரம் திரட்டிக் "கரிப்பு மணிகள்" எழுதினார். 1973இல் "வேருக்கு நீர்" என்ற நாவலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். கணவர் காலமான பின் பொருளிழந்து முதியோர் இல்லத்தில் வாழ்ந்து 2014இல் மறைந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எழுத்து செல்வந் தரும் என்று எண்ணி எவரும் இதில் இறங்கவேண்டா.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். "பிள்ளைகள் கரையேறட்டும், பெண்ணுக்கு ஒரு நல்லது நடக்கட்டும், பிறகு எழுதலாம்" என்பதே நாம் எங்கும் கேட்கும் சொல். பிள்ளைகள் கரையேறினால் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அதன்பின் கண்ணில் புரை விழுகிறது, கை நடுங்குகிறது. எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முதிய அம்மையார் ஒருவர் பால்கணக்கு நோட்டுகளின் பின்பக்கங்களில் பல ஆண்டுகள் எழுதிவந்தார். தாலாட்டு, வயற்காட்டுச் செய்தி, தாம் சிறுமியாயிருந்தபோது வைகையில் கண்ட வெள்ளம் என இப்படிப் பலவும் அவற்றில் இருந்தனவாம். அவர் காலஞ்சென்ற பதினாறாம் நாள் கழிந்ததும், வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் நோட்டுகளைப் பழைய காகிதக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். தாயார் எழுதுவதை அவர்கள் ஒருநாளும் வாங்கிப் படித்ததில்லை. அதனால் அவை பால்கணக்கு என்றே நினைத்தார்கள்.

நம் குடும்பங்களில் எல்லாவற்றுக்கும் பங்கு ஒதுக்கத் தெரியும். குலதெய்வத்துக்கு ஒரு பங்கு, தாய்மாமன் சீருக்கு ஒரு பங்கு, விதைநெல்லுக்கு ஒரு பங்கு. வறுமையிலும் விதைநெல்லைக் குத்தி உண்ணமாட்டோம். எழுத்தார்வம் உள்ளவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கு நாளில் அரைமணியைப் பங்காக ஒதுக்கி, அந்த நேரத்தில் அவரை எவரும் எதற்கும் அழைப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் எழுதினால் மாமியார் அரைமணி அடுப்பைப் பார்க்கட்டும். மாமியார் எழுதினால் மகன் காபி போட்டுக் கொடுக்கட்டும். செல்பேசியில் படம் பார்க்கும் நேரத்தில் பாதி போதும். எழுதியதை வாரம் ஒருமுறை வீட்டில் ஒருவராவது கேட்கவேண்டும். திருத்தவேண்டா, புகழவும் வேண்டா, கேட்டால் போதும்.

எழுதத் தெரியாத, அல்லது கண் மங்கிய பாட்டிமார்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கோதைநாயகி அம்மையாருக்கு ஒரு பட்டம்மாள் கிடைத்தாள். உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பெண் இருக்கிறாள் அல்லவா? பையன் இருந்தாலும் குற்றமில்லை. பாட்டி சொல்லட்டும், அவர்கள் எழுதட்டும். பிள்ளை பள்ளிக்குப் போயிருந்தால் செல்பேசியிலேயே குரலைப் பதிந்து வைத்துக்கொண்டு மாலையில் பார்த்து எழுதலாம். பாட்டியின் வாய்மொழியை இலக்கணத்துக்காக மாற்றாமல், சொன்னபடியே எழுதுக என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நிருவாகக் குழுவினரிடம் யாம் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. நம் மாத இதழில் திருமண அறிவிப்புகளுக்கும் நன்கொடைப் பட்டியலுக்கும் பக்கங்கள் உள்ளன, அவை வேண்டியனவே. அவற்றோடு மாதம் இரண்டு பக்கங்களை இப்படி வீட்டில் எழுதப்பட்டவற்றுக்கு ஒதுக்கவேண்டும். பெயர் போட விரும்பாதவர் ஊர்ப்பெயர் மட்டும் போட்டுக்கொள்ளலாம். இன்று வாசலில் மேசைமேல் இருபது நோட்டுகளை வாங்கி வைத்திருக்கிறோம். உண்டு முடித்துப் போகும்போது, வேண்டுவோர் ஒவ்வொன்று எடுத்துச் செல்லலாம். அடுக்களையில் பரிமாறும் தாய்மாருக்காக ஐந்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம்.