படுத்தபடி காலை நீட்டும் ஆசனமும் அவரவர் உடல்வாகும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தோட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் "இடுப்பு வலி" என்னும் சொல்லைக் கேளாமல் நான் திரும்பியதில்லை. இதில் வியப்பொன்றுமில்லை. பெரட்டு முடிந்து இருள் விலகுமுன்னரே நிரைக்குள் நுழைகிறீர்கள். ஏறத்தாழ 500 மரங்களை ஒரே காலைப் பொழுதில் சீவுகிறீர்கள். புதுப் பட்டையாயின் மார்பளவு உயரத்தில் உளி ஓடும். ஆண்டுகள் செல்லச் செல்ல வெட்டு கீழிறங்கும், முதுகும் அதனோடு குனியும். பின்னர் பால் எடுத்து, வாளி சுமந்து, மேடு பள்ளம் கடக்க வேண்டும். இவ்வாறு உழைக்கையில் தொடையின் பின்புறத் தசைகள் இறுகிப்போகலாம். அத்தசைகள் இடுப்பெலும்பின் அடியிலிருந்து தொடங்குபவை. அவை இறுகினால் குனியும்போது இடுப்பு எளிதில் மடங்காது. அதன் பங்கையும் முதுகே சுமக்க நேரிடும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் ஆசனம் ஒன்று உண்டு. சுப்த பாதாங்குட்டாசனம் என்பது அதன் பெயர். படுத்தபடி காலின் பெருவிரலைப் பற்றுதல் என்பது பொருள். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெருவிரலைப் பற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. பாயில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழங்காலை மடித்துப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். மறு காலின் உள்ளங்காலில் நீண்ட துண்டு ஒன்றை மாட்டி, அதன் இரு முனைகளையும் கைகளில் பிடித்துக்கொண்டு காலை மெல்ல மேலே உயர்த்துங்கள். தொடையின் பின்புற நடுவில் இதமான இழுப்புத் தோன்றும் இடத்தில் நிறுத்தி, சீராக மூச்சு விடுங்கள். முழங்கால் சற்று மடங்கியிருந்தாலும் குறையில்லை. பிறகு கால் மாற்றிச் செய்யுங்கள்.

இனி, இன்றைய பேச்சின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். நான் அறிந்த ஒரு தோட்டத்தில் கணவனும் மனைவியும் ஒரே படத்தைப் பார்த்து இந்த ஆசனத்தைச் செய்து வந்தனர். கணவர் மெலிந்தவர், படத்தில் உள்ளபடியே கால் நேராக நிற்க வேண்டுமென்று வலிந்து இழுத்தார். தொடைத் தசை பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் மரம் சீவச் செல்ல இயலவில்லை. ஒரு வாரக் கூலி என்பது உங்களுக்கு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மையாரோ கனத்த உடலினர்; காலை உயர்த்திய சிறிது நேரத்திலேயே கண்ணயர்ந்துவிடுவார். ஆசனம் ஒன்றுதான், உடல்கள் இரண்டு.

வாதம், பித்தம், கபம் என்னும் பகுப்பு நமக்குப் புதியதன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் முதற்குறளே இம்மூன்றையும் சுட்டுகிறது. ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் இதன்மீதே எழுந்தவை.

மெலிந்த உடல், வறண்ட தோல், குளிர்ந்த கைகால், சொடக்கிடும் மூட்டு, நிலைகொள்ளாத மனம் ஆகியவை வாதக்கூறு மிகுந்தவரின் அடையாளங்கள் என்பர். இத்தகையோர் மழையில் நனைந்து வந்த உடனே பயிற்சியில் இறங்கலாகாது. உடல் துவட்டி, உலர்ந்த உடை அணிந்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தொடையிலும் முழங்காலிலும் தேய்த்துக்கொள்வது நலம். தலைக்கடியில் மடித்த துணி வைத்து, முழங்காலைத் தளர்வாக விட்டு, ஐந்தாறு மூச்சுகள் மட்டும் நில்லுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்தல் இவர்களுக்கு மிகவும் ஏற்றது.

பித்தக்கூறு மிகுந்தவரை நம் வீடுகளில் 'சூட்டு உடம்புக்காரர்' என்பார்கள். வியர்வை மிகுதி, பசி தாங்காமை, எதிலும் முந்திவிட வேண்டுமென்ற வேகம் இவருக்குண்டு. இவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அடுத்த வீட்டுக்காரரின் கால் உயர்ந்தால் தம் கால் அதைவிட உயர வேண்டும் என்று நினைப்பவர் இவர். நண்பகல் வெயிலில் வேலை முடித்து வந்த சூட்டோடு செய்யாமல், குளித்து இளைப்பாறி, மாலையில் காற்றோட்டமான இடத்தில் செய்க. கால் எவ்வளவு உயருமோ அதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுக.

கபக்கூறு உடையவர் கனத்த, உறுதியான உடலினர், சோம்பலுக்கு இடந்தருபவர். முதலில் சிறிது தூரம் விரைந்து நடந்துவிட்டுப் படுக்கட்டும். நெடுநேரம் நிற்காமல், நாலைந்து முறை கால் மாற்றி மாற்றிச் செய்யட்டும். பகலுணவுக்குப் பின் இதைத் தொடங்கினால் உறக்கமே மிஞ்சும்!

நம்மில் பெரும்பாலோர் கலப்பு உடல்வாகினர். ஆகவே எந்தக் கூறு என்று நெடுநேரம் ஆராய வேண்டாம். இன்று உடல் குளிர்ந்திருக்கிறதா, கொதிக்கிறதா, கனக்கிறதா என்று பார்த்தாலே போதும். ஆசனங்களை இவ்வாறு உடல்வாகுக்கேற்பப் பிரித்தளிப்பது பெரிதும் இக்கால ஆசிரியர்களின் முறை. முக்கூற்றுக் கொள்கையை இன்றைய மருத்துவ ஆய்வு நோயறியும் அளவுகோலாக ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனவே இதை வைத்தியமாகக் கொள்ளாமல், அவரவர் உடலைக் கவனிக்கும் வழியாகக் கொள்ளுங்கள். உங்கள் கூறு இன்னதென்று சொல்லி விலையுயர்ந்த எண்ணெயும் லேகியமும் விற்க வருவோரிடம் விழிப்பாயிருங்கள். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் இந்தியப் பாரம்பரிய மருத்துவமும் அடங்கும்; வந்தவர் பதிவு பெற்றவரா என்று கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

காலை உயர்த்தும்போது மின்னல் வெட்டினாற்போல் வலி பாதம்வரை ஓடினாலோ, கால் மரத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை நாடுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனால் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்ற தாய்மார்கள் மருத்துவச்சியையோ மருத்துவரையோ கேட்காமல் இதனைச் செய்யலாகாது. நிரையில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டிருந்தால், ஆசனத்தை ஒதுக்கிவைத்து, மருத்துவரிடம் காட்டி, அன்றே நிர்வாகத்திடமும் தெரிவியுங்கள். சொக்சோ உதவி கோருவதற்கு அந்தப் பதிவு தேவைப்படும்.

பாய் விரித்திருக்கிறோம், துண்டு கொண்டு வந்தவர்கள் முன்னே வரலாம்.